வயிறு நிறைந்த ஈக்கள்

ஈ மருந்து தயாரிக்கும் கம்பெனியில் ஈ வளர்ப்பது என் வேலை. பெண் பார்க்க வந்தவர்களிடம் 'ஆராய்ச்சிக்கூட உதவியாளர்' என்று சொல்லிச் சமாளித்தார் அப்பா. சாகடிக்கத்தான் வளர்க்கிறோம் என்பது ஈக்களுக்குத் தெரியாது. மாமியாருக்குத் தெரியும்.

எங்கள் மருந்து இனிப்பான மஞ்சள் குருணை, பார்க்க மிட்டாய்த்தூள் மாதிரி இருக்கும். குழந்தைகள் வாயில் போட்டால் துப்பிவிட வேண்டும் என்பதற்காகக் கடும் கசப்பு ஒன்றைச் சேர்ப்போம். அந்தக் கசப்பால் ஈயும் தொடுவதில்லை என்று கடைக்காரர்கள் புகார் சொன்னார்கள். சோதித்துப் பாருங்கள், உண்மையென்றால் கசப்பை எடுத்துவிடலாம் என்றார் மேனேஜர்.

என் மகளுக்கு ஒன்றரை வயது. தரையில் கிடப்பதெல்லாம் அவளுக்குச் சாப்பாடு. போன மாதம் அடுப்படியில் தூவியிருந்த குருணையை வாயில் போட்டு, அடுத்த நொடியே துப்பி, வீடே அதிர அழுதாள். அவ்வளவு இனிமையான அழுகையை நான் கேட்டதேயில்லை. டப்பாவை மேல் அலமாரிக்கு மாற்றினேன். அவள் நாற்காலியில் ஏறப் பழகிக்கொண்டிருக்கிறாள்.

இரண்டு கூண்டு, கூண்டுக்கு ஐம்பது ஈ. ஈக்குக் காலிலும் ருசி தெரியும். கசப்புக் குருணையில் கால் வைத்தவை சூடு பட்டதுபோல் விலகின. சாயங்காலம் எண்ணினால் அந்தக் கூண்டில் செத்தவை ஒன்பது, கசப்பில்லாத கூண்டில் நாற்பத்தாறு. வெள்ளிக்கிழமை கசப்பை நிறுத்தும் உத்தரவில் கையெழுத்து என்றார் மேனேஜர்.

வீட்டில் மகளுக்குச் சளி. மருந்துக் கரண்டியைத் தட்டிவிட்டாள்.

"இப்பத்தானே நாலு பிஸ்கட்ட முழுங்கினா," என்றார் கணவர். "வயிறு நிறைஞ்சவளுக்குக் கசக்கத்தான் செய்யும்."

கரண்டி என் கையிலேயே நின்றது. சோதனைக்கு முன் ஈக்களைப் பாதி நாள் பட்டினி போட வேண்டும் என்பது விதி. நான் போடுவதில்லை. சாகப்போகிற ஜீவன் வெறும் வயிற்றோடா போக வேண்டும் என்று சர்க்கரைத் தண்ணீர் வைத்துவிடுவேன். இனிப்புக்கு நிறைந்த வயிற்றிலும் இடம் இருக்கும். கசப்புக்கு இருக்குமா?

காலையில் மேனேஜரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"சாவுக்கு முன்னாடி விருந்து வச்சிருக்கீங்க."

"ஆமா சார்."

"எத்தன நாளா?"

"மூணு வருஷமா சார்."

பட்டினி போட்டு மறுபடி செய்யச் சொன்னார். இந்த முறை கசப்புக் கூண்டில் நாற்பத்தைந்து, மற்றதில் நாற்பத்தேழு. கசப்பு இருக்கட்டும் என்று எழுதினார். எனக்கு ஒரு மெமோ, பாக்கெட் ஒட்டும் பிரிவுக்கு மாற்றம். கழிவறைக்குப் போய் அழுதேன். சந்தோஷம்தான்.

ஆனால் பசித்த ஈக்கள் கசப்பில் கால் வைத்ததை நான் கூண்டருகே நின்று பார்த்திருந்தேன். ஒன்றுகூடத் தயங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மேல் அலமாரியிலிருந்த டப்பாவை எடுத்து, கம்பெனிக் குப்பையில் சேர்ப்பதற்காகப் பையில் கட்டி வைத்தேன். வீட்டில் ஈ இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பிஸ்கட்டைக் கையில் கொடுத்தேன்.

"சாப்பிடுற நேரத்துல பிஸ்கட்டா?" என்றார் கணவர்.

"தின்னட்டும்," என்றேன். இன்னொன்றையும் எடுத்துக் கொடுத்தேன்.