கரண்டி போடாத வறுவல்

வில்லியனூர் சின்னபொண்ணு பத்தொன்பது வருஷம் கொதிக்கிற எண்ணெயில் வெறுங்கையை விட்டுத்தான் உருளைக்கிழங்கு வறுத்தாள். சூடு அவள் கையில் ஏறவில்லை. ஏம்பலத்தில் இருந்த அவள் புருஷன் தங்கவேலின் கையில் ஏறியது.

1963இல் ஆரம்பித்தது இது. ஏம்பலத்தில் வேறொருத்தியோடு குடும்பம் நடத்தப் போகிறேன் என்று தங்கவேல் டிரங்குப் பெட்டியைத் தூக்கியபோது, அவள் அவனுக்காகக் கிழங்கு வறுத்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. கரண்டி நழுவி எண்ணெய்க்குள் விழுந்தது, கையை விட்டு எடுத்தாள். அதே நேரம் பஸ்ஸுக்கு நின்றவன் வலது கையை உதறிக்கொண்டு அலறினான். தேள் என்று நினைத்து யாரோ சுண்ணாம்பு தடவினார்கள். அதன்பிறகு அவளுக்குச் சூடும் தெரியவில்லை, குளிர்ச்சியும் தெரியவில்லை. வயிற்றுப்பாட்டுக்குக் கல்யாண வீடுகளில் கிழங்கு வறுக்கப் போனாள். சின்னக் கிழங்காகப் பொறுக்கி, வேகவைத்துத் தோலுரித்து, மிளகாய்த்தூளும் சோம்பும் பூண்டும் அரைத்துப் பிசறி எண்ணெயில் போடுவாள். கையாலேயே புரட்டுவாள். பிறகு அதே கையைத் தயிர்ப் பானைக்குள் விட்டுக் கட்டியில்லாமல் கலக்கி, சீரகம் தூவிக் கிழங்கின்மேல் ஊற்றுவாள். மரத்துப்போன கை பெருநோயாக இருக்கும் என்று ஊர் பேசியது. டாக்டர் இறகால் தடவிப் பார்த்தார், ஊசியால் குத்திப் பார்த்தார். இரண்டும் அவளுக்குத் தெரிந்தன. நோய் இல்லை என்றார். ஊர் உடனே நம்பிவிடவில்லை, டாக்டரும் கல்யாணப் பந்தியில் அவள் வறுவலைச் சாப்பிடுகிறவர்தானே.

அரிசிக்கடை கௌஸ் பாஷா நெல் வாங்க ஏம்பலம் போனபோது தங்கவேல் கையில் வாழை இலை சுற்றியிருப்பதைப் பார்த்தார். விசாரித்தால் முகூர்த்த நாளில் மட்டும் கை வேகிறதாம். பாஷா யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிற ஆளில்லை. மூன்று முகூர்த்தத்துக்கு வேலையை விட்டுவிட்டு ஏம்பலம் போய், சின்னபொண்ணு வறுக்கிற நேரத்தில்தான் அவன் கை வேகிறது என்று பார்த்த பிறகே வெளியே சொன்னார்.

விஷயம் தங்கவேல் காதுக்குப் போய், 1970 தை மாதம் அவன் சின்னபொண்ணு வாசலில் வந்து நின்றான்.

"ஒரு கரண்டி வெச்சிக்கயேன் சின்னபொண்ணு. கை வெந்து பூடுது. கரும்பு வெட்டக் கத்தி புடிக்க முடியல."

"எனக்கு இன்னா தெரியுது? சுடலியே. கரண்டி போட்டா கெழங்கு ஒடையுது."

கோபமாகச் சொல்லவில்லை. விலை கேட்டவனுக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். அவன் கையில் சுற்றியிருந்த இலையை இறுக்கிக்கொண்டான்.

"தயிரையாவது நெறைய நேரம் கலக்குடி. அப்பத்தான் கொஞ்சம் ஆறுது."

"செரி" என்றாள்.

அதிலிருந்து தயிரை அரை மணி நேரம் கலக்கினாள். தயிர் வெண்ணெய் மாதிரி இழைந்தது. பாகூரிலிருந்தெல்லாம் ஆள் தேடி வந்தார்கள். அவனுக்காகக் கலக்கினாளா, தொழிலுக்காகவா என்று யாரும் கேட்கவில்லை. தங்கவேல் இடது கையால் கரும்பு வெட்டப் பழகிக்கொண்டான்.

1982இல் கௌஸ் பாஷா மகள் சல்மாவின் கல்யாணம். பிரியாணிக்கு முன்பே கிழங்குக்கு அடுப்பு மூட்டினார்கள். முதல் ஈடு போட்டுக் கையை விட்ட சின்னபொண்ணு வீறிட்டாள். விரல்கள் கொப்பளித்துவிட்டன. கையைத் தயிர்ப் பானைக்குள் சொருகிக்கொண்டு உட்கார்ந்தாள். தயிர் சில்லென்றிருப்பது பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு அவளுக்குத் தெரிந்தது.

கௌஸ் பாஷா ஓடி வந்தார். "இன்னாம்மா ஆச்சு?"

"அந்தாளு பூட்டாரு பாய். ஒரு கரண்டி குடுங்க."

இடது கையால் கரண்டி பிடித்து மிச்சக் கிழங்கையும் வறுத்து இறக்கினாள். அடுப்பை அணைத்த பிறகு தாலியைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். கரும்புக் கொல்லையில் தங்கவேல் காலையிலேயே சாய்ந்து உயிரை விட்டுவிட்டான் என்று ஏம்பலத்திலிருந்து சைக்கிளில் ஆள் வந்தபோது கடைசிப் பந்தி நடந்துகொண்டிருந்தது. அந்தத் தயிரைத்தான் ஊற்றினார்கள். கிழங்கு பாதிக்குமேல் உடைந்திருந்தது. யாரும் குறை சொல்லவில்லை.