வானமாமலையின் காலை மார்க்

குளிப்பாட்டத் தண்ணீர் வந்துவிட்டது. வானமாமலையின் இடது கையைத் தூக்கி, ஒன்றுவிட்ட தம்பி நாகராஜ் வாட்சைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, விடிந்ததிலிருந்து முதல் தடவையாகச் செண்பகவல்லி வாயைத் திறந்தாள்.

"ஷாலினி, இன்னைக்கி எத்தனன்னு பாருட்டி."

கேதத்துக்கு வந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். புருஷன் செத்துக் கிடக்கிறான், கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, கணக்குக் கேட்கிறாள். அந்தத் தாராவிச் சந்துக்கு ஒரு வாரத்துக்குப் பேச விஷயம் கிடைத்துவிட்டது.

அவள் கவலை அவளுக்கு. கோபர்கைரனேயில் இருக்கும் மகள் ஷாலினி தீபாவளிக்கு அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்த வாட்ச் அது. ஒரு இதயத் துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடைப்பட்ட நேரம் எவ்வளவு கூடிக் குறைகிறது என்று ராத்திரி முழுக்க அளந்து, காலையில் போனில் ஒரு எண்ணைக் காட்டும். எண் கூடினால் உடம்பு நிம்மதியாக இருக்கிறது என்று மகள் சொல்லிக் கொடுத்தாள். வானமாமலை அதைப் பரீட்சை மார்க் ஆக்கிவிட்டார். இறங்கிய அன்றெல்லாம் போனை மனைவியின் முகத்துக்கு நேரே நீட்டுவார்.

"பாத்தியா? நேத்து நீ கத்துன கத்துக்கு!"

முப்பது வருஷமாக ஒரு சண்டையிலும் ஜெயிக்காத மனுஷனுக்கு ஆயுதம் கிடைத்தால் சும்மா இருப்பாரா? ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு பேச்சே கூடாது என்று சட்டம் போட்டார். பாவம், அவளும் பயந்துபோய் வாயைக் கட்டிக்கொண்டாள். அப்படியும் சில நாள் இறங்கியது. "மனசுக்குள்ள ஏசியிருப்ப" என்றார்.

நேற்று ராத்திரி ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்டார். அவளுக்குப் பொறுக்கவில்லை. துண்டில் ஆரம்பித்து மாமியார் வரைக்கும் போய்விட்டாள். காலையில் எழுந்தவர் போனைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. டீ கொண்டுவருவதற்குள் சாய்ந்துவிட்டார். டாக்டர் மாரடைப்பு என்றார். தன் நாக்குதான் என்று செண்பகவல்லி முடிவு கட்டியிருந்தாள்.

ஷாலினி அப்பாவின் போனைத் திறந்தாள்.

"அம்மா, இந்த மாசத்துலயே இன்னைக்குத்தான் ஜாஸ்தி."

"நேத்து அந்த ஏச்சு ஏசுனேனேட்டி?"

"ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும்மா. அத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. மொத்தமாப் பாக்கணும்." விரலால் மேலே தள்ளியவள் புருவத்தைச் சுருக்கினாள். "ஆனா ஞாயித்துக்கிழமை காலைல மட்டும் தவறாம இறங்கியிருக்கு. சனிக்கிழமை ராத்திரி அப்பா எங்க போவாங்க?"

"நாகராஜ் சித்தப்பா வீட்டுக்கு. கேரம் ஆட."

"குடிச்சாலும் இறங்கும்மா."

அத்தனை கண்களும் நாகராஜ்மேல் திரும்பின. அவர் வாட்சின் வாரை மிக அக்கறையாக ஆராய்ந்தார்.

"ஒரு குவாட்டர்தான் மைனி," என்றார். "ரெண்டு பேருக்கும் சேத்து."

செண்பகவல்லி எழுந்து தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள். ஒப்பாரி வரப்போகிறது என்று பெண்கள் நெருங்கி உட்கார்ந்தார்கள்.

"அடப் பாவி மனுஷா! குடிச்சிட்டு வந்து என் தலைல கட்டுனீகளே! ராவுல இருமக்கூடப் பயந்து கெடந்தேனே! ஒங்ககூட ஒரு வார்த்த பேசாம இத்தன ராத்திரியப் போக்கிட்டேனே!"

தீபாவளியிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் வந்தது. கூடவே கண்ணீரும் வந்தது, துடைக்க நேரமில்லை. சேர்ந்து அழுவதா, விலக்கிவிடுவதா என்று தெரியாமல் பெண்கள் முழித்தார்கள்.

"இப்ப என்ன சொல்லப் போறீக? சொல்லுங்க பாப்போம்!"

கேட்டுவிட்டு, மூச்சு வாங்க, அவர் முகத்தைப் பார்த்தபடி நிறுத்தினாள். பதில் யோசிக்க அவருக்கு எப்போதும் கொஞ்ச நேரம் பிடிக்கும். செண்பகவல்லி காத்திருந்தாள்.