நாலாவது கட்டம்

சாயந்திரம் கணக்கு டீச்சர் பிரபாவதி போன் செய்தபோது நெடுமாறன் முத்தாண்டிக்குப்பத்தில் தன் வீட்டு வாசலில் மொபெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஏங்க, எழில்மதிக்குத் தொழிற்பிரிவுன்னு கையெழுத்துப் போட்டுட்டு வந்திருக்கீங்களே, தெரிஞ்சுதான் போட்டீங்களா?"

அவனுக்குத் தெரியாது. மகள் பத்தாவதில் நானூற்று எண்பத்தாறு. ஆறாவது படிக்கும்போதே சென்னை ஐ.ஐ.டி. என்று சொல்ல ஆரம்பித்தவள். அதற்குப் பதினொன்றில் முதல் குரூப் வேண்டும். தொழிற்பிரிவில் இயற்பியலும் கிடையாது, வேதியியலும் கிடையாது. அந்த நுழைவுத் தேர்வுப் பக்கம் தலைவைத்தும் படுக்க முடியாது.

"நாளைக்குப் பத்து மணிக்கு லிஸ்ட் ஒட்டிடுவாங்க. முதல் குரூப்ல இன்னும் ரெண்டு இடந்தான் இருக்கு. அதுக்குள்ள வந்து மாத்திடுங்க" என்று சொல்லி டீச்சர் வைத்துவிட்டார்.

அவன் ஒன்றும் கைநாட்டு இல்லை. டீக்கடையில் செய்தித்தாளை விளம்பரம் விடாமல் படிக்கிற ஆள்தான். ஆனால் கையெழுத்துக்கென்று ஒரு தாளை நீட்டினால் மட்டும் கண் தானாக மூடிக்கொள்ளும். இது காண்ட்ராக்ட் ஆட்களுக்கு வருகிற வியாதி. பத்தொன்பது வருஷமாக நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓரம் சிந்துகிற மண்ணை அள்ளுகிறான். காண்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் புதுத் தாள் வரும். பென்சிலில் குறி போட்டிருக்கிற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு நகர வேண்டும். நின்று படிக்கிறவனைப் பார்த்து சூப்பர்வைசர் சசிகுமார், "என்னா, வக்கீலுக்குப் படிச்சியா?" என்பான். அப்படிக் கேட்கப்பட்டவனுக்கு மறுமாதம் கேட் பாஸ் வராது.

நேற்றுப் பள்ளிக்கூட ஆபீஸிலும் ஜன்னல் வழியாக ஒரு தாள் வந்தது. குரூப்புக்கு ஒன்றாக நாலு கட்டம். நாலாவதில் பென்சில் குறி. பின்னால் கூட்டம் நெருக்கியது. பழக்கதோஷம், கை போட்டுவிட்டது.

"காண்ட்ராக்ட்காரன் பொண்ணுக்கு இது போதும்னு அவங்களே குறிச்சிட்டாங்க போல" என்று மனைவி செந்தாமரையிடம் புலம்பினான்.

"காலையில போய்க் கேளுங்களேன்."

கேட்பதா? போட்ட கையெழுத்தை மாற்றச் சொல்லி ஆபீஸ் வாசலில் நிற்பதா? அதுவும் காண்ட்ராக்ட் புதுப்பிக்கிற மாதத்தில், முதல் ஷிப்டை விட்டுவிட்டு? எழில்மதி அடுப்படியில் கழுவின தட்டையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். பாவம், இடிந்துபோயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

காலையில் மகளையும் ஏற்றிக்கொண்டு டவுன்ஷிப்பில் இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு வந்தான். அவளை வராண்டாவில் உட்காரவைத்துவிட்டு, தலைமையாசிரியை அறைக்குள் போவதற்குள் சட்டைப்பையில் போன் மூன்று தடவை அடித்துவிட்டது. சசிகுமார்தான். எடுக்கவும் பயம், எடுக்காமல் இருக்கவும் பயம்.

"அம்மா, அந்தக் குறி நாங்க போடலைங்க. உங்க ஆபீஸ்ல யாரோ..." என்று ஆரம்பித்தான். பெரிய இடத்தில் பழி சொல்லிவிட்டோமே என்று பாதியில் நிறுத்திக்கொண்டான்.

தலைமையாசிரியை கோபப்படவில்லை. தாளைத் தேடி எடுத்துப் பார்த்தார். "நாங்க யாரும் குறி போடறதில்லைங்க. பிள்ளைங்களே முன்னாடி குறிச்சுக் கொடுத்துடுவாங்க" என்று சொல்லி எழில்மதியை உள்ளே கூப்பிட்டார்.

அவள் வந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "நாந்தாம்ப்பா போட்டேன்."

நெடுமாறன் தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "ஏன்மா?"

"ஃபர்ஸ்ட் குரூப் எடுக்கிற எல்லாரும் ஏழாவதுலேர்ந்து கோச்சிங் போய்க்கினு இருக்காங்க. நா எடுத்து ஃபெயிலாயிட்டா? நீ தாங்க மாட்டப்பா. சூப்பர்வைசர் போன் வந்தாலே ஒனக்குக் கை நடுங்குது. இதுன்னா ரெண்டு வருசத்துல அப்ரண்டிஸ் போயிடலாம். வூட்டுல யாரும் பயப்பட வேணாம்."

நடுங்குவது வீட்டில் யாருக்கும் தெரியாது என்றுதான் அவன் இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தான். பிள்ளைக்கென்று ஒன்றும் சேர்த்து வைக்கவில்லையே என்று வருத்தப்பட்டவன், இந்தப் பயத்தைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறான். பத்தொன்பது வருஷம் சோறு போட்ட பயம்தான். அதற்காக அவன் வெட்கப்பட்டதே இல்லை. இப்போது பட்டான்.

"மணி ஒன்பதே முக்கால் ஆச்சு. என்ன எழுதட்டும்?" என்றார் தலைமையாசிரியை.

எழில்மதி தாளைப் பார்க்கவில்லை. அப்பன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நேரம் பார்த்து போன் மறுபடியும் அடித்தது. அவன் அதை அடிக்கவிட்டான்.

"என் மூஞ்சிய ஏம்மா பாக்கற? ஒனக்கு எது வேணும்?"

"ஒண்ணாவதுதாம்ப்பா. ஆனா பயமா இருக்குது."

"எனக்குந்தான் இருக்குது" என்றான் நெடுமாறன். "ஒண்ணாவதே போடு. பயந்துகினே படி."