மணிக்கு இருபத்திரண்டு கட்டு

ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்கு முதல் வண்டி வந்தது. பிளாஸ்டிக் கூடாரங்களில் வெட்டிய ரோஜாக்கள் வலையில் சுற்றப்பட்டு, வாளித் தண்ணீரில் நின்றன. கட்டும் கூடத்தின் கதவைத் திறந்தபோது கயாம்பே மலையின் குளிரும் வண்டியோடு உள்ளே வந்தது. டிக்னா ஏப்ரன் நாடாவை இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினாள். பிறகு பையிலிருந்து கணவனின் பழைய கால்பந்துக் காலுறை ஒன்றை எடுத்து இடது கையில் முழங்கைக்கு மேல் வரை ஏற்றிக்கொண்டாள். அதன் பாதப் பகுதி வெட்டி எடுக்கப்பட்டிருந்தது.

"கோல்கீப்பர் வந்தாச்சு" என்றாள் பக்கத்து மேசையில் சொய்லா. "இன்னிக்கு எத்தன கோல் விடப் போற?"

"நீங்க அடிச்சாத்தானே மதினி, நான் விடறதுக்கு."

சொய்லா டிக்னாவின் கணவனுக்கு அக்கா. நாற்பத்தெட்டு வயது. இந்தப் பண்ணையில் பதினோரு வருடமாக இருக்கிறாள். ஆறு வருடத்துக்கு முன்னால் டிக்னாவைக் கூட்டிவந்து, அப்போதைய நிர்வாகியிடம் பேசி, தன் பக்கத்து மேசையைப் பிடித்துக் கொடுத்தவளும் அவள்தான்.

அட்டையை மேசைமேல் விரித்து, பன்னிரண்டு பூவைத் தலை சமமாக ஒரு வரிசை வைக்க வேண்டும். அதன்மேல் ஒரு சிறிய அட்டை. அதற்குச் சற்றுக் கீழே தள்ளிப் பதின்மூன்று பூ. சுற்றி ஸ்டேப்ளர் அடித்து, தண்டில் ரப்பர் பேண்ட் போட்டு, தன் எண் அச்சிட்ட வில்லையை ஒட்டி, அடியைச் சமமாக வெட்டி வாளியில் நிறுத்தினால் ஒரு கட்டு. மற்றவர்கள் பூவை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார்கள். டிக்னாவுக்கு அது ஒத்துவராது. நான்கு வருடத்துக்கு முன் முள் குத்திச் சீழ் வைத்ததில் இடக்கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்காமல் போய்விட்டன. அதனால் அவள் ஆறு தண்டுகளைச் சேர்த்து அள்ளி, பூத்தலைகள் முழங்கை மடிப்பில் வந்து நிற்கும்படி முன்கையில் சாய்த்து, அப்படியே அட்டையில் சரிப்பாள். தலைகள் ஒரே கோட்டில் விழும். முள்ளுக்காகத்தான் காலுறை. இந்த வழியை அவள் யாரிடமும் மறைத்ததில்லை. யாரும் பெரிதாகக் கவனித்ததுமில்லை.

முந்தைய நிர்வாகி கழுத்தில் விசில் போட்டிருப்பார். அவர் காலத்தில் இலக்கு மணிக்குப் பன்னிரண்டு கட்டு. பெண்கள் பன்னிரண்டு கட்டினார்கள். பதின்மூன்றாவது கட்டுக்குப் பூ கையில் இருந்தாலும் மணி முடியும்வரை ரப்பர் பேண்டைத் தேடிக்கொண்டிருப்பார்கள். போன வருடம் மே மாதம் புது நிர்வாகியாக எஞ்சினியர் லாரியா வந்தார். முதல் வாரத்திலேயே முப்பத்திரண்டு பெண்களின் பெயரையும் தெரிந்துகொண்டார். அடைத்துக் கிடந்த வடிகாலைத் தோண்டச் சொன்னார். அதன்பின் யாருக்கும் பூட்ஸுக்குள் கால் ஊறவில்லை. மதியம் அதே பெஞ்சில் உட்கார்ந்து அதே சூப்பைக் குடித்தார். செப்டம்பரில் கணக்கெடுத்தபோது கூடம் மணிக்குப் பதினாறு கட்டிக்கொண்டிருந்தது. இலக்கு அப்போதும் பன்னிரண்டுதான். கழுத்து வளைந்த பூ ஒன்று தவறி உள்ளே போய்விட்டால்கூடக் கட்டைப் பிரித்து மறுபடி கட்டினார்கள்.

"மனுஷன் வணக்கம் சொல்றான்ல" என்பாள் சொய்லா. அதற்குமேல் காரணம் அவளுக்கும் சொல்லத் தெரியாது.

அக்டோபரில் டிக்னா தன் மகள் தயானாவின் ஞானஸ்நானத்துக்கு அவரை ஞானத்தகப்பனாக இருக்கச் சொல்லிக் கேட்டாள். கேட்கும்போது ஏப்ரனின் ஓரத்தைத் திருகிக்கொண்டே இருந்தாள். அவர் உடனே ஒப்புக்கொண்டார். கோயிலில் பிள்ளையைக் கையில் ஏந்தி நின்றார். வீட்டுக்கு வந்து, நெருப்பில் வாட்டி உருளைக்கிழங்கின் மேல் அடுக்கிய கினிப்பன்றியைக் கையாலேயே பிய்த்துச் சாப்பிட்டார்.

"இனிமே என்ன எஞ்சினியர்னு கூப்பிடக் கூடாது. நான் உங்களுக்குக் கொம்பாத்ரே. நீங்க எனக்குக் கொமாத்ரே."

பிள்ளையைப் பெற்றவர்களும் ஞானப்பெற்றோரும் ஒருவரையொருவர் அப்படித்தான் அழைப்பார்கள். அழைத்துவிட்டால் உடன்பிறப்பைவிட ஒரு படி மேல். ஒருவர் கேட்டதை மற்றவர் இல்லை என்று சொல்வதில்லை.

ஜனவரியின் அந்தத் திங்கட்கிழமை ஏழு மணிக்குச் சற்று முன்னால் லாரியா கையில் போனும் அதை மாட்டும் முக்காலித் தாங்கியுமாக வந்து டிக்னாவின் மேசை முன்னால் நின்றார்.

"வணக்கம், கொமாத்ரே. என் பொண்ணு எப்படியிருக்கா?"

"பல்லு முளைக்குது, கொம்பாத்ரே. கிட்டப் போனவங்களையெல்லாம் கடிக்கிறா."

"கடிக்கட்டும், கடிக்கட்டும். பொழைக்கத் தெரிஞ்ச பொண்ணு." சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். "எனக்கு ஒரு உதவி பண்ணணும். உங்க கையப் படம் எடுக்கணும். முகம் வராது, கை மட்டும்தான்."

"கையில என்ன இருக்கு, கொம்பாத்ரே? விரல்கூட மடங்காது."

"கீட்டோவுல முதலாளிங்க நம்பமாட்டேங்கறாங்க. பதினாறு எப்படி வருது, இலக்க ரொம்பக் கம்மியா வச்சிருக்கியான்னு என்னப் புடிச்சு ஆட்டறாங்க. இது கைத்திறமைன்னு காட்டிட்டேன்னா வாய மூடிக்குவாங்க. அப்புறம் இலக்குப் பக்கமே வரமாட்டாங்க."

சொய்லா தன் கையிலிருந்த பூவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஆள விட்டுட்டுக் கைய மட்டும் எடுத்துட்டுப் போயி என்ன பண்ணுவாங்களாம்?"

டிக்னா அவளைப் பார்த்தாள். பன்னிரண்டுக்குமேல் மதினி கட்டுவதே லாரியா முகத்துக்காகத்தான் என்பது அவளுக்குத் தெரியும். பதினாறு வந்த நாள்களில் சொய்லா மாலையில் மணிக்கட்டை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"இலக்க ஏத்திற மாட்டீங்களே, கொம்பாத்ரே? மதினி மாதிரி ஆளுங்க இருக்காங்க."

"தயானா மேல சத்தியம்" என்றார் லாரியா.

அவர் முக்காலியை மேசையோரத்தில் நிறுத்திப் போனைக் கீழ்நோக்கிச் சாய்த்தார். குளிர் அறையிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டார். ஒருவன் இலை உரித்து அளவு பார்த்த தண்டுகளை டிக்னாவின் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டே இருந்தான். இன்னொருவன் கட்டி முடித்ததை எடுத்து, அடியை வெட்டி, வாளிக்குக் கொண்டுபோனான். மற்ற நாள்களில் இந்த இரண்டும் டிக்னாவின் வேலைதான். வாளிக்கு ஒருமுறை போய்வரப் பதினான்கு அடி.

"கொஞ்சம் வேகமா, கொமாத்ரே. எனக்காக."

அவள் அவருக்காக வேகமாகக் கட்டினாள். ஒரு மணி நேரம் நிமிரவில்லை. இருபத்திரண்டாவது கட்டில் ரப்பர் பேண்டைப் போட்டதும் மூச்சு வாங்கியது. சிரித்துக்கொண்டே போனுக்கு முன்னால் உள்ளங்கையை விரித்து ஆட்டினாள்.

"போதும், கொம்பாத்ரே. போதும்!"

லாரியா கைதட்டினார். கூடம் முழுக்கக் கைதட்டியது. சொய்லாவும் தட்டினாள்.

அடுத்த திங்கட்கிழமை அவர்கள் உள்ளே வந்தபோது மேசைகளுக்கு எதிரே சுவரில் ஒரு பெரிய டிவி மாட்டியிருந்தது. அதில் கைகள் கட்டிக்கொண்டிருந்தன. சத்தம் இல்லை. காலுறை, மடங்காத இரண்டு விரல்கள், அட்டை, பூ. உதவிக்கு நின்ற இருவர் எங்கும் தெரியவில்லை. மேல் மூலையில் ஒரு கடிகாரமும், ஒவ்வொரு கட்டுக்கும் ஒன்று கூடும் எண்ணும் ஓடின. டிவிக்குக் கீழே ஒரு தாள் ஒட்டியிருந்தது. காதலர் தினப் பருவத்தை முன்னிட்டு நாளை முதல் இலக்கு மணிக்கு இருபத்திரண்டு கட்டு. தொடர்ந்து மூன்று நாள் குறைந்தால் வேலையிலிருந்து விடுவிக்கப்படுவர்.

பெண்கள் தாளைப் படித்தார்கள். டிவியைப் பார்த்தார்கள். பிறகு டிக்னாவைப் பார்த்தார்கள்.

"நடிகை ஆயிட்டா" என்றது பின்வரிசையில் ஒரு குரல். "நமக்கெல்லாம் டிக்கெட் இல்லாமக் காட்டறா."

சொய்லா ஏப்ரனைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

டிக்னா காலுறையோடு அலுவலக அறைக்குப் போனாள். உள்ளே லாரியாவோடு, கீட்டோவிலிருந்து வந்த, கோட்டுப் போட்ட இருவர் உட்கார்ந்திருந்தார்கள்.

"கொம்பாத்ரே..."

"இங்க எஞ்சினியர்னு கூப்பிடுங்க, டிக்னா."

கோட்டுக்காரர்களில் ஒருவர் காலுறையைக் கவனித்துவிட்டார். "இவங்கதானா அது?" என்று எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நல்ல கை."

"ரெண்டு பக்கமும் ஆள் நின்னாங்க, எஞ்சினியர். ஒருத்தன் தண்டு எடுத்துக் கொடுத்தான். ஒருத்தன் வாளிக்குக் கொண்டு போனான். நான் நின்ன எடத்த விட்டு நகரவே இல்ல. அது உங்களுக்குத் தெரியும்."

"கை உங்களோடதுதானே?"

"ஆமா."

"எண்ணிக்கையில ஏதாவது பொய் இருக்கா?"

"பொய்யில்ல. ஆனா..."

"அப்புறம் என்ன? முடியாததயா கேக்கறோம்? ஒருத்தர் செஞ்சதத்தான் கேக்கறோம்." அவர் கோட்டுக்காரர்களைப் பார்த்துத்தான் அதைச் சொன்னார்.

"தயானா மேல சத்தியம் பண்ணீங்க."

லாரியா மேசையிலிருந்த தாள்களைச் சேர்த்து ஓரத்தைத் தட்டிச் சமமாக்கினார். "கதவச் சாத்திட்டுப் போங்க, டிக்னா. குளிருது."

அன்று மாலை டிக்னா காலுறையின் சோடியை எடுத்துப் பாதத்தை வெட்டி, சொய்லாவின் வீட்டுக்குக் கொண்டுபோனாள். சொய்லா வாங்கி வைத்துக்கொண்டாள். உட்காரச் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை சொய்லா அதைப் போட்டுக்கொண்டு ஆறு தண்டுகளை அள்ளப் பார்த்தாள். அவள் விரல்கள் எல்லாம் மடங்கின, அதுதான் சிக்கல். பழக்கத்தில் அவை தண்டைப் பிடித்துக்கொண்டன. பூத்தலைகள் ஏறி இறங்கி விழுந்தன. அன்று அவள் சராசரி மணிக்குப் பதினைந்து. புதன்கிழமை பதினேழு. அதற்குள் பாதிப் பேர் கணவன்மார் காலுறையோடு வந்திருந்தார்கள்; நீலம், மஞ்சள், பட்டை போட்ட சிவப்பு. ஒரே மைதானத்தில் எல்லா அணியும் இறங்கியது போலிருந்தது. அதைச் சொல்லிச் சிரிக்க யாரும் இல்லை.

வியாழக்கிழமை பத்து மணி வாக்கில் டிக்னா தன் கட்டு இரண்டை வில்லை ஒட்டாமல் கொண்டுபோய் சொய்லாவின் வாளியில் நிறுத்தினாள். சொய்லா அவற்றை எடுத்துவந்து டிக்னாவின் மேசையில் வைத்தாள்.

"எனக்குக் கை இல்லையா?"

"மதினி, இன்னிக்கு மூணாவது நாளு."

"எனக்கும் எண்ணத் தெரியும்டி."

"அவரு சத்தியம் பண்ணாரு மதினி. நீங்களும் கேட்டீங்களே."

"கேட்டேன். நானும்தான் கைதட்டுனேன்." சொய்லா திரும்பித் தன் மேசைக்குப் போனாள்.

அன்று அவளுக்குப் பதினாறு. நான்கு மணிக்கு அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தாள். ஏப்ரனை மடித்து மேசையில் வைத்தாள். பூட்ஸைக் கழுவி, கவிழ்த்து வைத்தாள். காலுறையை உருவியபோது முன்கையில் முள் கீறல்கள் முழங்கை வரை வரிவரியாக இருந்தன. அதை டிக்னாவிடம் நீட்டினாள்.

"என் தம்பியோடது. சோடி சேத்து வை."

சொய்லாவின் மேசைக்கு மறுநாளே வேறொருத்தி வந்தாள். லாரியா வழக்கம்போலக் காலையில் கூடத்தைச் சுற்றி வந்து ஒவ்வொருவருக்கும் பெயரோடு வணக்கம் சொன்னார். "வணக்கம், எஞ்சினியர்" என்று முப்பத்திரண்டு பேரும் தலை நிமிராமல் சொன்னார்கள். மதியம் அவர் உட்கார்ந்த பெஞ்சில் அவர் மட்டும் இருந்தார். அடுத்த வாரத்திலிருந்து அவர் சூப் அலுவலக அறைக்குப் போயிற்று. கட்டும்போது கழுத்து வளைந்த பூ கையில் வந்தால், இரண்டு நல்ல பூவுக்கு நடுவில் அதைச் செருகிவிட்டு அடுத்ததுக்குப் போனார்கள். டிக்னாவும் செருகினாள்.

பிப்ரவரி முதல் வாரத்தில் இன்னொரு பண்ணையிலிருந்து மரிசோல் என்ற புது மேற்பார்வையாளர் வந்தாள். வயது இருபத்தைந்துக்குள் இருக்கும். அட்டையில் செருகிய தாளோடு மேசைக்கு மேசை நின்று எண்ணைக் குறித்துக்கொண்டு வந்தாள். டிக்னாவின் மேசை முன்னால் வெகுநேரம் நின்றாள்.

"பதினெட்டு. நேத்து?"

"பத்தொம்பது."

"எறங்கிட்டே வருதேக்கா." அவள் குரலில் கடுமை இல்லை. பேனாவால் டிவியைக் காட்டினாள். "இங்க பாரு, சும்மா சொல்லல. அந்தம்மா எப்படிச் செய்யுதுன்னு பாரு. வாளிக்கு நடக்குதா? அங்க இங்க பாக்குதா? ஒரு அசைவு வீண் இல்ல. ரெண்டு விரல் வேற மடங்கல, பாவம். அதுவே இருபத்திரண்டு கட்டுது."

டிக்னாவின் இடக்கை ஏப்ரன் பைக்குள் இருந்தது. மணிக்கட்டில் வலி வந்ததிலிருந்து, நிற்கும்போதெல்லாம் அதை அங்கே வைத்துக்கொள்வாள்.

"பாத்துக் கத்துக்கக்கா. நாளைக்கும் குறைஞ்சா நான் எழுதித்தான் ஆகணும்."

மரிசோல் அடுத்த மேசைக்குப் போனாள். டிக்னா டிவியைப் பார்த்தாள். எண் இருபத்தொன்றிலிருந்து இருபத்திரண்டுக்கு மாறியது. கை ரப்பர் பேண்டைப் போட்டது. பிறகு உள்ளங்கையை விரித்து, சத்தமில்லாமல், போதும் போதும் என்று ஆட்டியது. படம் ஒரு கணம் இருண்டது. மறுபடி கடிகாரம் ஏழு மணி காட்ட, கை முதல் ஆறு தண்டுகளை அள்ளியது.