நீலமென்று சொன்னார்கள்

சோப்பு நுரை வழிந்த குவளையைத் தரையில் வைத்துவிட்டு, நாத்தனார் அவள் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "கையைக் குடு" என்றாள்.

அவளும் கொடுத்துவிட்டாள். முந்தின நாளிலிருந்து யார் எதைக் கேட்டாலும் கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள்: கணவருடைய அடையாள அட்டை, பீரோ சாவி, கையெழுத்து, இஸ்திரி போட்டு வைத்திருந்த நல்ல சட்டை. நாத்தனார் இடது கை மோதிர விரலில் நுரையைத் தடவி, மோதிரத்தைப் பிடித்துத் திருக ஆரம்பித்த பிறகுதான் சங்கதி புரிந்தது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"என்ன அண்ணி பண்றீங்க?"

"நீலத்தைக் கழட்டு. அது பண்ணின வேலை போதும்."

கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நடுவில் குளிர்பெட்டிக்குள் அவள் கணவர் படுத்திருந்தார். பெட்டியின் மோட்டார் மட்டும் யாரைப் பற்றியும் கவலைப்படாமல் உறுமிக்கொண்டிருந்தது. லிப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றி இறக்கிவிட்ட மனுஷர், சொந்த வீட்டு மாடிப்படியில் மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை.

ஜன்னலோரம் நின்றிருந்த அவருடைய அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"நான் அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேன். நீலம் எல்லாருக்கும் ஒத்துக்காது, பார்த்துப் போடணும்னு. கேட்டாத்தானே? கல்லைப் பத்திப் படிச்சிருக்காங்களாம், படிச்சு! இப்ப தம்பியக் கொண்டுபோயிடுச்சு."

சொல்லிவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் கையில் விரலுக்கொன்றாக மோதிரம். ஒவ்வொன்றும் யாரோ ஒருத்தர் பேச்சைக் கேட்டு, கண்ணை மூடிக்கொண்டு வாங்கினது.

அவள் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிற ரகமில்லை. பல் செட் செய்யும் கூடத்தில் வேலை. பொய்ப்பல்லைப் பக்கத்துப் பல்லின் நிறத்துக்குப் பொருத்துவது அவள் பொறுப்பு. வெள்ளை என்று தனியாக ஒரு நிறமே கிடையாது என்பது அவள் கட்சி. குழல் விளக்கில் எல்லாப் பல்லும் ஒன்றுபோல இளிக்கும், ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனால்தான் எது எவருடைய வாயில் இருக்க வேண்டியது என்று தெரியும். அப்படிப்பட்டவளுக்கு வயது போன காலத்தில் கலர்க்கல் வைத்து ஒரு மோதிரம் போட்டுக்கொள்ள ஆசை வந்தது. ஆசை வந்தால் கடைக்குப் போய் வாங்கிக்கொண்டு வரவேண்டியதுதானே? அவள் படிக்க உட்கார்ந்தாள்.

எந்தக் கல்லைச் சூடு காட்டுவார்கள், எதன் விரிசலில் கண்ணாடியை உருக்கி ஊற்றி மறைப்பார்கள், எது தினமும் பாத்திரம் தேய்க்கிற கையில் தாங்கும் என்றெல்லாம் படித்தாள். பிறகு வாங்குகிற உத்தேசமே இல்லாமல் கடை கடையாக ஏறி இறங்கினாள். "நகையில பதிச்சதைக் காட்டாதீங்க, முதுகு தெரியாது. உதிரிக் கல்லாக் காட்டுங்க" என்பாள். காட்டினால், இடுக்கியில் கவ்விக்கொண்டு நேரே கடை வாசலுக்கு நடப்பாள். கடை விளக்கு யாருக்குச் சம்பளம் வாங்குகிறது என்று அவளுக்குத் தெரியாதா? தூரத்தில் அவள் தலை தெரிந்ததுமே விற்பனைப் பையன்கள் "வாசலம்மா வந்துட்டாங்க" என்று கிசுகிசுத்துக்கொள்வார்கள். அதைக் கேட்டுக்கொண்டு வந்த கணவர் வீட்டிலும் அந்தப் பெயரிலேயே கூப்பிட ஆரம்பித்தார்.

லீவு நாட்களில் அவரும் கூடவே போவார். முதலில் கடையின் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கொட்டாவி விட்டவர், போகப்போக லென்சை வாங்கிக் கண்ணில் வைத்துக்கொண்டார். லிப்ட் கயிற்றில் பிரி விட்டிருக்கிறதா என்று தேடுகிற கண். கல்லில் விரிசல் இருந்தால் அவளுக்கு முன்னால் கண்டுபிடித்துவிடுவார்.

ஒரு கடையில் கண்ணைப் பறிக்கிற ஒரு நீலத்தை எடுத்து வைத்தார்கள். அவள் ஒரு கிளாஸ் தண்ணீர் கேட்டாள். பையன் குடிக்கத்தான் கேட்கிறாள் என்று குளிர்ந்த நீராகக் கொண்டுவந்தான். அவள் கல்லை அதில் போட்டு, அடியில் வெள்ளைத்தாள் வைத்துப் பார்த்தாள். பேனாவால் கோடு போட்ட மாதிரி நிறமெல்லாம் ஓரங்களில் ஒட்டிக்கொண்டு நின்றது, நடுவில் வெளிறிக் கிடந்தது. மேலோட்டமாக ஏற்றிய நிறம். "தம்பி, தண்ணி நல்லாத்தான் இருக்கு, கல்லுதான் சரியில்ல" என்றார் கணவர். தெருவுக்கு வந்த பிறகும் சிரிப்பை அடக்க முடியாமல் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கடைசியில் அவர்கள் வாங்கினது வேறு கடையில், வேறு கல். ஸ்பினல். நீல நிறம், ஆனால் நீலக்கல் இல்லை. மழை வருவதற்கு முந்தைய வானம்போல லேசாகச் சாம்பல் கலந்தது. "இதை யாரும் கேட்கிறதில்லீங்க. எந்த ராசிக்கும் சொந்தமில்லாத கல்லு" என்றார் கடைக்காரர் ஒளிக்காமல். கணவர் அவள் பக்கம் திரும்பினார். "யாருக்கும் சொந்தமில்லையாம். அப்ப உனக்குத்தான்."

அதைப் போட்டுக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது இதே நாத்தனார் கையைப் பிடித்துப் பார்த்து, "நீலமா?" என்றாள். நிறத்தைக் கேட்கிறாள் என்று நினைத்து, "ஆமா அண்ணி, நீலம்தான்" என்றாள் அவள். அவ்வளவுதான் நடந்தது. குடும்பத்தில் யாருக்கும் நீலம் என்றால் நிறமில்லை, ஆளை ஆட்டிவைக்கிற கல். பந்தி முடிவதற்குள் சேதி எல்லார் காதுக்கும் போய்விட்டது. திருத்தலாம் என்றால் கணவர் விடவில்லை. "இருக்கட்டும் விடு. அண்ணன் உன்னைப் பார்த்து நாலடி தள்ளி நிக்கிறான், எனக்கு ஜாலியா இருக்கு" என்றார்.

இப்போது மகள் வந்து அவளைக் கையைப் பிடித்து எழுப்பி, சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

"சொல்லித் தொலைம்மா. அது நீலமே இல்லன்னு சொல்லு. கல்லோட சர்டிபிகேட் பீரோலதான் இருக்கு, நான் கொண்டாந்து பெரியப்பா மூஞ்சிக்கு நேரா நீட்டறேன்."

"நீட்டினா?"

"வாயை மூடிக்கிட்டு விட்டுடுவாங்க."

"விட்டுடுவாங்க." அவள் குழாயைத் திறந்து விரலில் இருந்த நுரையைக் கழுவினாள். "ஆனா இது நீலமா இருந்திருந்தா உங்கப்பாவ நான்தான் கொன்னேன்னு ஆயிடும். சர்டிபிகேட்டை நீட்டினா அதை நான் ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். இல்லையா?"

மகள் குழாயை மூடினாள்.

"நிஜ நீலத்தைப் போட்டுக்கிட்டு இதே மாதிரி எவளோ ஒருத்தி எங்கேயோ உட்கார்ந்திருப்பா. அவ மட்டும் கொன்னவளா? சொல்லமாட்டேன் போ. நீயும் சொல்லக்கூடாது."

மகள் துப்பட்டாவின் நுனியால் அம்மாவின் கையைத் துடைத்துவிட்டாள்.

கூடத்துக்குத் திரும்பி வந்தபோது எல்லார் கண்ணும் அவள் விரலுக்குத்தான் போயிற்று.

"கழட்டலையா?" என்றார் ஜன்னலோரம் நின்ற மைத்துனர்.

"இல்ல அத்தான்."

"அப்ப நீ வண்டில ஏற வேண்டாம். அந்தக் கல்லு கடைசி வரைக்கும் அவன்கூட வரக்கூடாது. இங்கேயே இருந்துக்கோ."

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் கணவர் வேலையிலிருந்து வரும்வரை கதவைத் தாழிடாமல் உட்கார்ந்திருந்தவளை, கடைசிப் பயணத்தில் கூட வராதே என்று சொல்ல இவர் யார்?

"உங்கப்பாவும் இப்படித்தான் மாரைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தாரு. உங்க சித்தப்பாவும் அப்படித்தான். அவங்கள்லாம் எந்தக் கல்லு போட்டிருந்தாங்க அத்தான்?"

யாரோ இருமினார்கள்.

"நெஞ்சைப் படம் எடுத்துப் பார்க்கணும்னு டாக்டர் எழுதிக் குடுத்தாரு. அடுத்த மாசம், அடுத்த மாசம்னு தள்ளிப்போட்டது இவரு. கல்லு இல்ல."

சொன்ன பிறகுதான் கணவர்மேல் அவளுக்கு எவ்வளவு கோபம் என்று அவளுக்கே தெரிந்தது. பெட்டியைத் திறந்து உலுக்கிக் கேட்க வேண்டும் போலிருந்தது.

மைத்துனர் ஏதோ சொல்ல விரலை உயர்த்தினார். அந்த விரலில் செக்கச்செவேல் என்று பவளம். பவளமாவது மண்ணாவது, சாயம் ஏற்றிய கண்ணாடி. அது அவளுக்கு ரொம்ப நாளாகவே தெரியும். ஒருமுறை கணவரிடம் சொன்னபோது, "அவன்கிட்ட மூச்சு விட்டுடாத. அதை நம்பித்தான் காலையில எந்திரிக்கிறான்" என்று கும்பிட்டார். இன்றைக்கு அது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. குளிர்பெட்டிப் பக்கம் பார்த்தாள். முழுங்கிக்கொண்டாள்.

வாசலில் வண்டி வந்து நின்றது. தூக்குகிறவர்கள் உள்ளே வந்தார்கள். அழுகையும் தள்ளுமுள்ளுமாக அவரை வெளியே கொண்டுபோய் வண்டியின் நடுவில் கிடத்தினார்கள். மைத்துனர் கதவருகே கையை அகட்டிக்கொண்டு நிற்க, அவள் புடவையைத் தூக்கிச் செருகி, "வழி விடுங்க அத்தான்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. அவர் விலகுவதற்குக் காத்திருக்கவும் இல்லை. அந்த அகட்டிய கைக்குக் கீழே குனிந்து ஏறி, தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள். பின்னாலேயே மகள் ஏறினாள்.

"யார் வர்றீங்களோ ஏறுங்க சார், போலீஸ்காரன் திட்டுவான்" என்றார் ஓட்டுநர்.

பிறகு நாத்தனார் ஏறி எதிரில் உட்கார்ந்தாள். கடைசியாக மைத்துனர் ஏறிக் கால்மாட்டில் உட்கார்ந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வண்டி பெரிய சாலையைத் தொட்டுத் திரும்பியது. அந்தத் திருப்பத்தில் அவர் தலை பக்கவாட்டில் சரிந்து, வண்டியின் தகட்டில் இடிக்கப் போனது. அவள் சட்டென்று இடது கையை நீட்டி நெற்றியைப் பிடித்தாள். நெற்றி சில்லென்றிருந்தது. ஜன்னல் வழியாக வந்த வெயில் அவள் கைமேல் விழுந்தது.

"அந்தக் கையை எடு" என்றாள் நாத்தனார்.

"ரோடு இன்னும் வளையும் அண்ணி."

மைத்துனர் திரும்பிப் பார்த்தார். வண்டி மறுபடி ஒடித்துத் திரும்பியபோது குனிந்து, மோதிரங்கள் போட்ட இரண்டு கைகளாலும் தம்பியின் கால்களைப் பிடித்துக்கொண்டார்.