வாயில் ஆணி

ஆறு பூட்ஸுகள் தரையைத் தொடாமல் தொங்குகின்றன, முகம் பார்க்கலாம்போலப் பளபளக்கும் மூன்று ஜோடி, மாசிலாமணி ஆசாரியின் மூக்குக்கு நேரே, மேசைக்கு அடியில், அதில் ஒரு ஜோடி முன்னும் பின்னும் ஆடுகிறது, ஊஞ்சலில் உட்கார்ந்த பிள்ளையின் கால்கள்போல, தூ, இந்த அசிங்கத்தைச் செய்து கொடுத்தது என் கைதானே என்று நினைக்கிறார், அன்று அங்கே நினைத்ததா, முப்பது வருஷம் கழித்து இந்த வெள்ளிக்கிழமைக் காலையில் நினைப்பதா, அவருக்கே பிடிபடவில்லை, எல்லாமே ஒரே மரத்தூள் வாசமாக வருகிறது. குன்னூருக்கு மேலே, தேயிலைக்கு நடுவே அந்தப் பங்களா, உலகமே பற்றியெரிந்த வருஷம், நேச நாடுகளின் பெரிய மனிதர்கள் மூன்று பேர் கூடி ஜப்பான்காரனை அடிக்க வழி பேசப்போகிறார்கள் என்றதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது, ஏனென்றால் தம்பி கனகசபை அவன் கையில் இருந்தான், நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்குத் தச்சுவேலைக்குப் போனவனைப் பிடித்துச் சயாமில் ரயில்பாதை போட ஓட்டிக்கொண்டு போயிருந்தார்கள், அங்கிருந்து தப்பி வந்த ஒருவன், ஆத்துப் பாலத்துல மரவேலை பாக்குறான், உசுரோடத்தான் இருக்கான் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான், தம்பி பெண்டாட்டி தையல்நாயகி அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் சோறு தின்றாள். அவர்கள் உட்காரப்போகிற மூன்று நாற்காலிகளையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார் ஆசாரி.

முதல் நாளே, மூவரில் குள்ளமானவரின் காரியதரிசி கொல்லைப்பக்கமாக வந்து, எங்கள் ஐயா நாற்காலிக்கு மட்டும் இரண்டு அங்குலம் ஏற்று, போட்டோவில் தாழ்ந்து தெரியக்கூடாது, யாரிடமும் மூச்சு விடாதே என்றான், ஏற்றினார், அடுத்தவருடைய ஆள் அதை மோப்பம் பிடித்து எங்களுக்கு மூன்று என்றான், மூன்றாமவன் நான்கு என்றான், போர் ஒரு பக்கம் நடந்துகொண்டே இருக்க இரண்டு நாள் முழுக்க இதே கூத்து, கடைசியில் மூன்று நாற்காலிக்கும் நான்கு அங்குலம், முழங்கால் இடிக்கிறது என்று மேசைக்கும் நான்கு அங்குலம், குள்ளர் குள்ளராகவே இருந்தார், கால்கள் மட்டும் அந்தரத்தில். மூன்றாம் நாள் பேச்சு நடக்கும்போதே மேசை ஆடியது, கூப்பிட்டார்கள், அடியில் புகுந்து ஆப்பைச் சொருகி, அதை அறைய வேண்டிய ஆணிகளை உதட்டில் கவ்விக்கொண்டு, பேச்சு நிற்கட்டும் என்று சுத்தியலோடு காத்திருக்கிறார், துரைமார் வீடுகளில் இருபது வருஷம் உழைத்த காதுக்கு இங்கிலீஷ் புரியும் என்று மேலே இருப்பவர்களுக்கு யார் சொல்வது. சயாம் ரயில்பாதையின் அந்த ஆற்றுப் பாலத்தை இந்த மாதமே குண்டு போட்டு உடைத்தாக வேண்டும் என்கிறது ஒரு குரல், பாலத்தடியிலேயே ஒரு முகாம் இருக்கிறதே என்கிறது இன்னொன்று, பிடிபட்ட நம் சிப்பாய்களா, இல்லை, அவர்கள் அக்கரையில், இது தமிழ்க் கூலிகள், அப்படியானால் சரி, பேனா கீறும் சத்தம், யாரோ பிஸ்கட்டைக் கடிக்கும் சத்தம். என் தம்பி அங்கே இருக்கிறான் துரை, ஐந்தே சொல், இங்கிலீஷிலேயே அவரால் சொல்லியிருக்க முடியும், பூட்ஸுகள் ஆடுகின்றன, ஆடிய ஜோடிக்காரர் குனிந்து, என்ன, முடிந்ததா என்று சிரித்த முகத்தோடு கேட்கிறார், ஆசாரி தலையை ஆட்டினார், ஆணியை அறைந்தார், மேசை ஆடவில்லை, தேங்க் யூ என்றார்கள்.

சொல்லியிருந்தால் மட்டும் நிறுத்தியிருப்பார்களா, மாட்டார்கள், அது தெரியும், ஆனாலும் வாயில் ஆணி இருந்தது என்று முப்பது வருஷமாகத் தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறாரே, ஆணியைத் துப்ப எவ்வளவு நேரம் ஆகும், அவர்கள் மேல் வந்த அருவருப்பெல்லாம் அங்கே வந்து முட்டித் தன் மேலேயே வழிகிறது. போர் முடிந்து சயாமிலிருந்து திரும்பிய ஒருவன் குன்னூர்ச் சந்தையில் அவரைத் தனியாக இழுத்துப்போய், பாலமும் போச்சு, முகாமும் போச்சு, பொறுக்கக்கூட ஒண்ணும் இல்ல ஆசாரி என்று சொன்னான், அதையும் அவர் வீட்டில் சொல்லவில்லை, ஏனென்றால் அதற்குள் தையல்நாயகி பத்திரிகையில் வந்த போட்டோவை வெட்டி வைத்திருந்தாள், மூன்று பேரும் மேசையில் கை வைத்துச் சிரிக்கும் போட்டோ, கால்கள் அதில் விழவில்லை, இவங்கதான் மாமா அவர மீட்டுக் கொண்டாரப் போறாங்க, ஒரு சட்டம் அடிச்சுக் குடுங்க என்றாள், அவர் அடித்துக் கொடுத்தார், தேக்கில், அந்த நாற்காலிகளுக்கு ஒட்டுப்போட்டு மிஞ்சிய துண்டுகளில்.

மாமா, தூங்கிட்டீங்களா, என்கிறாள், தலை நரைத்துவிட்டது, நெற்றியில் குங்குமம் அப்படியே இருக்கிறது, கையில் சூடத்தட்டு, அவங்க மூணு பேரு படம் தாழ இருக்கு மாமா, தலையில இடிக்குது, ஆணிய ஒரு ரெண்டு அங்குலம் ஏத்தி அடிங்களேன். எழுந்தார், முக்காலியில் ஏறினார், படத்தைக் கழற்றி அவளிடம் கொடுத்தார், பழைய ஆணியைப் பிடுங்கிவிட்டுப் புது ஆணியை உதட்டில் கவ்விக்கொண்டு சுவரை விரலால் அளந்தார், குனிந்து பார்த்தபோது அவள் மார்போடு அணைத்திருந்த சட்டத்துக்குக் கீழே அந்த ஆறு பூட்ஸுகளும் தொங்கின, நடுவில் இரண்டு வெறுங்கால்கள், புண்ணும் சேறுமாக, அவையும் தரையைத் தொடவில்லை. இவ்வளவு பெரிய மனுஷங்க, அவர அப்படி உட்டுருக்க மாட்டாங்க இல்ல மாமா, என்று அவள் நிமிர்ந்து கேட்டாள். அவர் தலையை ஆட்டினார், வாயில் ஆணி இருந்தது.