மன்னர் தங்கிய வீடுகள்

ஆங்கிலேயரிடம் தோற்றுத் தப்பி வந்த பிரெஞ்சு மன்னர், அன்று மாலை வொர்னே ஊரின் எல்லா வீட்டுக் கதவுகளையும் ஒரே நேரத்தில் தட்டினார். வீட்டுக்கு ஒரு மன்னர். எல்லோருக்கும் அதே நீண்ட மூக்கு, அதே கிழிந்த நீல அங்கி, முழங்காலில் அதே காயம். தன் வீட்டுக்கு மட்டும்தான் வந்திருக்கிறார் என்று நம்பி, ஒவ்வொருவரும் அவரை உள்ளே இழுத்துத் தாழ்ப்பாள் போட்டார்கள். வெளியே மூச்சு விடவில்லை. அந்தக் குளிர்காலத்தில் ரொட்டி வழக்கத்தைவிட அதிகம் விற்றது, கோதுமை விலை ஏறியது, அக்கம்பக்கத்தாரின் பேச்சு குறைந்தது.

தோல் பதனிடும் கோபேர், பக்கத்து வீட்டு எர்மினின் ஜன்னலிலேயே கண்ணாக இருந்தார். தனியாக இருப்பவள் வீட்டில் ஆண் குரலில் இருமல் கேட்டது. எர்மினுக்கோ, கோபேர் ஆங்கிலேய ஒற்றனை ஒளித்து வைத்திருக்கிறார் என்பதில் சந்தேகமே இல்லை.

"என்ன எர்மின், இப்பல்லாம் ரெண்டு ரொட்டி வாங்குற? வயித்துல பூச்சியா?"

"உங்க வீட்டுல ராத்திரி யாருக்கோ தனியா சூப்பு ஊத்துறீங்களேண்ணே, அதை முதல்ல சொல்லுங்க."

எர்மினின் கணவன் கொலார் வில்வீரனாக அந்தப் போருக்குப் போனவன், திரும்பவில்லை. அவனைப் பற்றி மன்னரிடம் தினமும் கேட்டாள். "எத்தனையோ பேரு இருந்தாங்கம்மா" என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிடுவார். இவர் மன்னர்தானா என்றே அவளுக்குச் சந்தேகம் வந்தது. தலைவாரிவிடும் சாக்கில் நெற்றியில் கிரீடத் தடம் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. தொப்பித் தடமாகவும் இருக்கலாம்.

தவக்காலத்தில் ஆங்கிலேயத் தளபதி ஊரை வளைத்தான். மன்னரை ஒப்படைக்காவிட்டால் ஊரையே கொளுத்துவேன் என்று ஆள் அனுப்பினான். யார் காட்டிக்கொடுத்தது என்று ஊரார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, எர்மின் தன் வீட்டு மன்னரின் கையைப் பிடித்துச் சந்தைத் திடலுக்கு இழுத்து வந்தாள்.

"இந்தாங்க, கூட்டிட்டுப் போகட்டும். எம்புருசனைக் கூட்டிட்டுப் போய்த் தொலைச்சாரு. இவருக்காக ஊரும் வேகணுமா?"

"யாரை ஏமாத்துற? ராசா எங்க வீட்டுத் தோல் தொட்டிக்குப் பின்னால இருக்காரு!" என்று கத்திய கோபேர், உடனே வாயைப் பொத்திக்கொண்டார்.

அதன்பின் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. தளபதி உள்ளே வந்தபோது திடல் முழுக்க மன்னர்கள் நின்றார்கள்.

"யாருய்யா நீ?" என்றார் ஒரு மன்னர் இன்னொருவரிடம்.

"என்னையே கேக்குறியா? உன் மூஞ்சியைப் பார்த்தாலே கூத்தாடின்னு தெரியுது."

தளபதி நெடுநேரம் யோசித்தான். தவறானவரைக் கொண்டுபோனால் தன் தலை போகும். எல்லோரையும் கொண்டுபோனால் ஊர் சிரிக்கும். இது பிரெஞ்சுக்காரர்களின் சூழ்ச்சி, இதற்குள் வேறொரு சூழ்ச்சியும் இருக்கும் என்று முடிவுசெய்து, மாலைக்குள் கூடாரங்களைப் பிரித்துக்கொண்டு போய்விட்டான்.

நெரிசலில் மன்னர்கள் கலந்துவிட்டார்கள். ஆளுக்கு ஒருவரைக் கைப்பிடித்து வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். எர்மின் அழைத்து வந்தவர் ரொட்டியை வேறு விதமாகப் பிய்த்தார். அவள் பழக்கதோஷத்தில் கணவனைப் பற்றிக் கேட்டாள்.

"கொலாரா? இடது கையால நாணை இழுப்பானே, அவனா?" என்றார் மன்னர். "என் குதிரை விழுந்தப்ப அவன்தாம்மா கைகொடுத்துத் தூக்கினான். நான் எந்திரிச்சேன். அவன் மேல அம்பு பாஞ்சிருச்சு."

எர்மின் அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். இடது கை விஷயம் கோபேருக்கும் தெரியும், அவர் சொல்லிக்கொடுத்திருக்கலாம் என்று நினைத்தாள். பிறகு அழுதாள். மன்னர் எழுந்து, அணையப்போன அடுப்பில் விறகை வைத்தார்.

சில வருடங்கள் கழித்துப் போர் ஓய்ந்தது. ஆங்கிலேயரின் சிறையிலிருந்த மன்னர் பாரிஸ் திரும்பிவிட்டார் என்று செய்தி வந்தது. வொர்னேயில் மணி அடித்தார்கள். கயிற்றை இழுக்க இரண்டு மன்னர்கள் போனார்கள். எர்மின் வீட்டு மன்னர் போகவில்லை. அன்று அவருக்கு முட்டைக்கோசு நடும் வேலை இருந்தது.